நூலகத்திற்குப் போகும் வழி

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் குவியும் மக்கள் வெள்ளத்தை நாம் ஆண்டுக்கணக்காகக் கண்டு வருகிறோம். நகரின் எல்லைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எழும். சிறப்புப் பேருந்துகள் ஓடும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்போரில் முதியோரும் உண்டு. இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், நமது பங்கின் கிளை ஊர் ஒன்றில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட பெண்ணொருத்தியைக் கடிந்துகொண்டோம். "டவுனில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறதே, மனம் இருந்தால் போகலாமே" என்றோம்.

அவள் தலைகுனிந்து நின்றாள். தாய்தான் பேசினார்: "பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லீங்க சாமி. ஆனா பஸ்ஸு வரணுமே. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பொஸ்தகம் எடுக்க ஒரு நாள் கூலி போவும், திருப்பிக் குடுக்க ஒரு நாள் கூலி போவும்."

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதை நாம் அறிவோம். அந்த இரண்டாம் பயணத்தைத்தான் எண்ணிப் பார்க்கவில்லை. திருத்தலம் செல்பவர் ஒருமுறை சென்று வந்தால் போதும். நூலை இரவல் பெறுபவரோ மீண்டும் வருவதாக வாக்களித்துவிட்டே வீடு திரும்புகிறார்.

எல்லார்க்கும் திறந்துள்ள கதவு, சிலரால் எட்ட முடியாத தொலைவில் இருக்குமானால், அது அவர்களுக்குத் திறந்ததாகுமா? முயன்று பெற்றதே மனத்தில் தங்கும் என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். நாமும் பலருக்கு அதையே சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் நடந்து வந்தவரின் முயற்சியைப் போற்றுவது வேறு. வர இயலாதவரை மனமில்லாதவர் என்று தீர்ப்பிடுவது வேறு. மேலும், அந்தத் தாய் வீட்டுவரி செலுத்தும்போது, ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறார். நூலகம் அவருக்கு எவரோ இடும் தருமம் அன்று.

இதனை வெகு முன்பே உணர்ந்தவர்கள் நம்மிடையே இருந்தனர். 1931 அக்டோபர் 21 அன்று, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளரான கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. சிற்றூர்களுக்கு நூல்களே பயணம் செய்தன. அதே ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பது அவற்றுள் நான்காவது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். மன்னார்குடி மாடுகள் சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை!

திருத்தூதர் பணிகள் நூலில், எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் வழியில், தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துச் சென்ற எத்தியோப்பிய அலுவலரை இங்கே நினைத்துக்கொள்கிறோம். அவரிடம் தேர் இருந்தது, ஏடும் இருந்தது. அப்படிப்பட்டவரை நோக்கியே பிலிப்பு ஓடிச் சென்றார். இரண்டும் இல்லாத வீட்டுக்கு முன் நின்று நாம் அறிவுரை கூறிக்கொண்டிருந்தோம்.

சென்ற தவக்காலம் முதல், அவ்வூருக்குத் திருப்பலிக்குச் செல்லும்போது, நமது உறுப்பினர் அட்டையில் எடுத்த நூல்கள் ஒரு துணிப்பையில் நம்மோடு வருகின்றன. கடந்த ஞாயிறன்று அவள் ஒன்றைத் திருப்பித் தந்தாள்; மற்றொன்றை இன்னும் முடிக்கவில்லை என்றாள். தவணை புதனோடு முடிகிறது என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. தண்டத் தொகையை நாமே கட்டிக்கொள்ளலாம்.