கரைகண்டு திரும்பியவர்

விண்ணகத்தை நாடுவோர் மண்ணகத்தை மறந்துவிடுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு கிறிஸ்தவர்களாகிய நம்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருகின்றது. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. உரிய கூலி கிடைக்காத உழைப்பாளியிடம் மறுமையின் மகிழ்ச்சியை மட்டுமே எடுத்துரைப்போமானால், அக்குற்றச்சாட்டு அங்கே உண்மையாகிவிடும். அப்படியானால், பேரின்ப வாழ்வுக்காக ஏங்குவதே தவறா? இடைக்கால ஐரோப்பா விரும்பிப் படித்த ஒரு பழங்கதையின் துணைகொண்டு இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டில் வாழ்ந்தவர் புனித பிரெண்டன். குளோன்ஃபெர்ட் என்னும் ஊரில் துறவு மடம் நிறுவிய அவர், ஏறத்தாழ 577-ஆம் ஆண்டில் இறந்தார். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அவர் பெயரால் இலத்தீன் மொழியில் ஒரு கடற்பயணக் கதை எழுந்தது. அதன் கையெழுத்துப் படிகள் நூற்றுக்கு மேல் இன்றும் எஞ்சியிருப்பதே அது பெற்ற வரவேற்புக்குச் சான்று. 'புனிதர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நாடு' ஒன்று கடலுக்கப்பால் உண்டெனக் கேள்வியுற்ற பிரெண்டன், 14 துறவியரைத் தேர்ந்துகொண்டு, மரச்சட்டத்தின்மீது மாட்டுத்தோல் போர்த்திய படகில் புறப்படுகிறார். இறுதி நேரத்தில் மேலும் மூவர் வந்து சேர்கின்றனர்.

ஏழு ஆண்டுகள் அவர்கள் அலைகின்றனர். ஆனால் அவ்வலைச்சலில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று ஒரே தீவு. உயிர்ப்புப் பெருவிழாவன்று யாஸ்கோனியுஸ் என்னும் பெருமீனின் முதுகு. பெந்தகோஸ்து வரை பறவைகளின் தீவு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேறொரு தீவின் துறவு மடம். முதலாண்டில் தீவென்று எண்ணி அடுப்பு மூட்டியபோது அசைந்து அவர்களை நடுங்கச் செய்த அதே மீன்தான், பின்னர் ஆண்டுதோறும் அவர்கள் உயிர்ப்பு விழாக் கொண்டாடும் இடமாகின்றது. அவர்கள் வாழ்ந்தது திருவழிபாட்டு ஆண்டையன்றி வேறன்று. நாமும் அவ்வட்டத்திலேயே சுழல்கிறோம். சென்ற ஆண்டு நம்மை நடுங்க வைத்த இழப்பின்மீதே நின்று, இவ்வாண்டு அல்லேலூயா பாடக் கற்றுக்கொள்கிறோம்.

பயணத்தின் இறுதியாண்டில் கடற்பாறை ஒன்றில் அலைகளால் அறையுண்டு அமர்ந்திருக்கும் ஒருவனைக் காண்கின்றனர். அவன் யூதாசு. ஞாயிறுகளிலும் சில திருநாள்களிலும் மட்டும் நரக வேதனையிலிருந்து அவனுக்கு ஓய்வு கிடைக்கின்றதாம். இது திருச்சபையின் போதனையன்று, கதையே. எனினும் அங்கே பிரெண்டன் செய்ததைக் கருதுவோம். அவர் முகந்திருப்பிக்கொண்டு போகவில்லை. அவனுக்காகக் கண்ணீர் சிந்துகிறார். மறுநாள் காலைவரை அவனுடைய ஓய்வு நீளுமாறு பரிந்து பேசிப் பெற்றுத் தருகிறார். விண்ணகத்தை நாடிச் செல்பவர், வழியில் கண்ட கடைக்கோடிப் பாவியையும் கடந்துபோகவில்லை.

இறுதியில் அடர்ந்த மூடுபனியைக் கடந்து அந்நாட்டை அடைகின்றனர். கனி நிறைந்த மரங்கள், இரவறியா ஒளி. 40 நாள்கள் நடந்தும் எல்லை தென்படவில்லை. நடுவே ஒரு பேராறு. அதைக் கடக்க வழியில்லை. அங்கே ஓர் இளைஞர் எதிர்கொண்டு, கடலில் தம் மறைபொருள்களைக் காட்டவே இறைவன் இத்தனைக் காலம் தாழ்த்தினார் என்று விளக்கி, கனிகளையும் மணிகளையும் எடுத்துக்கொண்டு தாய்நாடு திரும்புமாறு பணிக்கிறார். பிரெண்டன் மறுக்கவில்லை. திரும்பி வந்து, கண்டதைத் தம் சகோதரருக்கு உரைத்து, அவர்கள் நடுவிலேயே கண்மூடுகிறார்.

பின்வந்த மக்கள் கதையைப் படித்தனர். திரும்பிய செய்தியை மறந்து, தீவை மட்டும் பற்றிக்கொண்டனர். நிலப்படங்களில் அத்தீவு இடம்பெற்றது. 1492-இல் மார்ட்டின் பெஹைம் உருவாக்கிய உலக உருண்டையிலும் அதைக் காணலாம். கனேரித் தீவுகளிலிருந்து அதைக் கைப்பற்றக் கப்பல்கள் சென்றன. 1721-இலும் அவ்வாறு ஒரு பயணம் நடைபெற்றது. எவரும் அதைக் காணவில்லை. அங்கே தீவே இல்லை. அருளாகப் பெற வேண்டியதை உடைமையாக்க முனைந்தவர்களுக்கு வெறுங்கடலே மிஞ்சியது.

ஆகவே, ஏக்கம் தவறன்று. அந்த ஏக்கம் நம்மை எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதே கேள்வி. புதிய மண்ணுலகை எதிர்நோக்குவது இவ்வுலகின்மீது நமக்குள்ள அக்கறையைக் குறைக்கலாகாது, தூண்டவே வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. பெயரறியாத அந்த இடைக்காலத் துறவியின் கதையும் இதையே சொல்கின்றது: விண்ணகத்தை உண்மையாகக் கண்டவர், கைநிறையக் கனிகளோடு தம் மக்களிடம் திரும்பி வருவார்.

ஞாயிறுதோறும் திருவிருந்தில் நாமும் அந்நாட்டின் கனியைச் சுவைக்கிறோம். பின்னர், சென்று வாருங்கள் என்று அனுப்பப்படுகிறோம். ஆற்றின் அக்கரை இப்போது நமக்குரியதன்று. இக்கரையிலோ, உரிய கூலிக்காக ஒருவர் நம் வாயிலிலேயே காத்து நிற்கிறார். அவரிடம் வெறுங்கையோடு செல்லாதிருப்போம்.