ரெக்கார்டு நோட்டில் இடம்பெறாத அளவுகள்

புத்தாக்கத் திறன் கொண்ட இளைஞர்கள் வேண்டும் என்று தொழில் நிறுவனங்கள் கேட்கும்போது, கல்லூரிகள் பெரும்பாலும் ஒரு பயிலரங்கை நடத்தி, வண்ண ஒட்டுத்தாள்களைச் சுவரில் ஒட்டச் செய்து, சான்றிதழ் வழங்கிக் கடமையை முடித்துக்கொள்கின்றன. பலர் கூடி, குறைகூறாமல், தோன்றுவதையெல்லாம் சொல்லிக் குவிக்கும் இந்த உத்தியைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன். ஆனால் நால்வர் கூடிச் சொன்னவற்றைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் கருத்துகளைத் தொகுத்தால் எண்ணிக்கை மிகுகிறது என்று 1958இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பயிலரங்குகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

யோசனைப் பஞ்சத்தைவிட, எதிர்பாராத ஒன்றைக் கண்டதும் மறைத்துவிடும் பழக்கமே பெரிய தடை; அப்பழக்கம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே படிந்துவிடுகிறது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவர், விடை 9.8க்கு அருகில் வரவேண்டும் என்பதை முன்பே அறிந்திருப்பதால், இருபது அலைவுகளுக்கான நேரத்தை விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார். நூலின் முடிச்சு நழுவியதையும், குண்டு நேராக ஆடாமல் வட்டமிட்டதையும் உள்ளபடி எழுதுபவருக்கு மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் இடுபவரும் அதே வழியில் தேறி வந்தவர்தாம்.

3எம் நிறுவனத்தில் 1968இல் வலுவான பசையைத் தேடிய ஸ்பென்சர் சில்வருக்கு, ஒட்டியபின் எளிதில் உரிந்துவரும் பசையே கிடைத்தது. அதைத் தோல்வியென்று மூடிவைக்காமல் சக பணியாளர்களிடம் ஆண்டுக்கணக்கில் அவர் சொல்லிவந்ததால்தான், தேவாலயப் பாடல் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டுகள் நழுவுவதால் சலித்துப்போயிருந்த ஆர்ட் ஃப்ரை, 1974இல் அப்பசைக்கு ஒரு பயனைக் கண்டார். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த அந்த ஒட்டுத்தாளைத்தான் பயிலரங்குகள் இன்று சுவரில் ஒட்டுகின்றன.

ஆகவே தனிப் பாடம் ஒன்றைச் சேர்ப்பதைவிட, மதிப்பிடும் முறையை மாற்றுவதே பயன் தரும். விடை ஏன் விலகியது என்று ஊகித்து, அவ்வூகத்தை மறுசோதனையால் சரிபார்த்தவருக்கு முழு மதிப்பெண் கிடைக்குமானால், பொய் அளவு எழுதும் தேவை குறையும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரின் விலகலையும் ஆசிரியர் படிப்பது எளிதன்று என்ற மறுப்பு நியாயமானதே. ஆண்டுக்குச் செய்யவேண்டிய சோதனைகளைப் பாதியாக்கினால் அதற்கு நேரம் கிடைக்கும். பாடத்திட்டத்தைக் குறைக்க வல்லுநர் குழுக்களை இணங்கவைப்பதுதான் இதில் கடினமான பகுதி.