வேலும் வணக்கமும்

மாசிடோனியக் காலாட்படையினர் இரு கரங்களாலும் ஏந்திய சரிசா என்னும் நெடுவேல், ஏறத்தாழ 18 அடி நீண்டு, முன்னைந்து வரிசைகளின் முனைகளும் பகைவர்முன் ஒருங்கே நிற்க, ராஜ்யங்களை வென்றதாயினும், கி.மு. 168இல் பிட்னாவில் ரோமரிடம் தோற்றபின் அதன் மகிமையும் மங்கிற்று.

பெரியநாயக்கன்பாளையத்து அன்பர்கள் தைப்பூசத்தில் மருதமலைக்குக் காவடி சுமந்து சென்று வணங்கும் வேலும் போர்க்கருவியே. கொல்லும் கருவி வணக்கத்துக்குரியதாவது எங்ஙனம்? சைவம் அதனை ஞானசக்தி என்கிறது. நீண்ட காம்பும், அகன்ற அலகும், கூரிய நுனியும் அறிவின் ஆழத்தையும் அகலத்தையும் கூர்மையையும் குறிப்பனவாகப் பெரியோர் விளக்குவர். சூரபதுமனைப் பிளந்த அவ்வேல் அவனை அழித்தொழியாமல், மயிலும் சேவலுமாக்கி இறைவனருகே இருத்தியதென்று புராணம் கூறுவதால், பகைவனையன்றிப் பகைமையையே மாய்க்கும் அருளைத்தான் நாம் தொழுகிறோம். அவ்வாறு தொழுபவன் தன் நெஞ்சின் துவேஷத்தையே முதலில் அதற்கு இலக்காக்கக் கடமைப்பட்டவன்.