நினைவிழந்தார்க்குச் சார்பு எது?

அறிதல் உயிரின் இயல்பாயின், நோயினால் ஒருவர்க்கு அறிவு தேயுமிடத்துத் தேய்வது யாது? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இன்று பல சைவக் குடும்பங்களில் நடுவீட்டில் வந்து நிற்பது. பெற்ற மகளை நோக்கி 'நீ யாரம்மா' என வினவும் தந்தையரும், உண்டு கைகழுவிய சிறிது நேரத்தில் உணவு தரவில்லையென்று அழும் தாயரும், நள்ளிரவில் கதவைத் திறந்து ஐம்பதாண்டுகட்கு முன் விட்டுவந்த ஊருக்குப் புறப்படும் முதியோரும் நம்மிடையே பலராயினர். இத்தகையாரை இல்லத்தில் வைத்துக் காத்தல் இயலாதவழி, அவரைப் பேணுதற்கென்றே அமைந்த காப்பகத்திற் சேர்த்தல் தகுமோ, சேர்ப்பின் எத்தகையதிற் சேர்த்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இது மருத்துவர்க்குரிய வினா, நமக்கென்னை என்று சித்தாந்திகள் ஒதுங்குதல் கூடாது. உயிரின் இயல்பு இன்னதென அறிந்தார்க்கன்றி இவ்வினாவிற்கு விடை காண்டல் அரிது.

டிமென்ஷியா எனப்படுவது தனி நோயன்று. பல நோய்களால் விளையும் நிலை. அவற்றுட் பெருவரவினது அல்ஸைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர் 1906-ஆம் ஆண்டில் டூபிங்கன் நகரத்து மருத்துவர் அவையில், இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை எடுத்துரைத்தார். 1910-இல் கிரெப்பலின் என்பார் தம் நூலில் அந்நோய்க்கு அவர் பெயரையே இட்டார். இந்திய நாட்டில் 60 வயது நிரம்பியோருள் நூற்றுக்கு எழுவர்க்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நிலையினர் என 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலார்க்கு அண்மை நினைவே முற்பட அழியும். இளமையிற் படிந்தன நெடிது நிற்கும். கைப்பழக்கமும் இசையும் அவற்றினும் நெடிது நிற்றலுண்டு. இதனை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

உலகாயதன் இவ்விடத்து மகிழ்ந்து எழுவான். மூளை கெட நினைவு கெட்டது. நினைவு கெடக் குணமும் மாறிற்று. ஆகலின் மூளையின் வேறாய உயிரென ஒன்றில்லை என்பான். பண்டை உலகாயதன் பூதக் கூட்டத்தைக் காட்டினான், இவன் மூளையைப் படமெடுத்துக் காட்டுகின்றான், வாதம் ஒன்றே. இதற்கு நம்மவருட் சிலர், 'உறக்கத்திலும் அறிவு நிகழவில்லை. விழித்தபின் நிகழ்கின்றதன்றோ' என விடை கூறி அமைவர். அவ்விடை ஈண்டுச் சாலாது. உறங்கினான் விழிப்பான், இந்நோய் முற்றினார் மீள்வதில்லை. மெய்யான விடை சிவஞானபோதத்து மூன்றாம் நான்காம் சூத்திரங்களில் உள்ளது. உயிர் உடம்பின் வேறு, அந்தக்கரணங்களினும் வேறு, ஆயினும் சகசமலத்தால் மறைப்புண்டமையின் கருவிகளோடு கூடியவழி அறிந்து, கூடாதவழி அறியாது கிடப்பது. கருவி கெட அறிவு விளங்காதொழிதல் நம் கொள்கைக்கு மறுப்பாகாது. நம் கொள்கைப்படி அவ்வாறே நிகழ்தல் வேண்டும். இருளறையில் விளக்கு அவிந்தால் காட்சி இல்லையாம். கண் இல்லையாதல் இல்லை. அன்றியும், நோயின் தொடக்கத்தில் 'எனக்கு எல்லாம் மறந்துபோகின்றதே' எனக் கண்கலங்குவார் பலர். மறந்ததை மறந்ததென உணர்ந்து வருந்துவது, பழுதுற்ற அக்கருவியாதல் யாங்ஙனம்?

நம்மிடையே வழங்கும் பிறிதொரு பிழையும் உண்டு. அஃது அன்பினால் வருவதாகலின் அதனைக் கடிந்துரைக்க மனம் எழுவதில்லை. எனினும் உரைத்தல் வேண்டும். நினைவிழந்த முதியவரைக் காட்டி, 'இவர் ஞானியர் போல் எல்லாம் மறந்தார், குழந்தை போலாயினார், இவர்க்கு இனி யாது குறை' என்பாருளர். நின்மலாவத்தையில் கருவிகள் கழல்வது அருள் விளங்குதலால். ஈண்டு அவை கழல்வது இருள் மூடுதலால். நனவிடத்து நின்ற முப்பத்தைந்து கருவிகள் சுழுத்தியில் மூன்றாய்ச் சுருங்குகின்றன. அதுபற்றி உறங்குவானைச் சீவன்முத்தன் என்பாரில்லை. ஞானி தன்னை மறந்து இறைவனை உணர்வான். இவரோ தம்மையும் உணராது, பிறரையும் உணராது, இருட்டில் தடவுவார் போல் அஞ்சுகின்றார். அவ்வச்சம் மெய். அவர்க்குக் குறையில்லையென்று சொல்லி நாம் அகல்வது, அச்சமுற்றாரைத் தனியே விட்டு அகல்வதேயாம்.

இனி எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் சித்தாந்தம் அறிந்தாரெல்லாம் அறிந்தது. பளிங்கு தன்னை அடுத்த பூவின் நிறத்தைக் காட்டுமாறு, உயிர் மலத்தைச் சார்ந்து மலமாயும், அருளைச் சார்ந்து அருளாயும் நிற்கும். நலமுற்றிருக்குங்கால் ஒருவர் தம் சார்பைத் தாமே தேர்கின்றார், தீய கூட்டத்தினின்று எழுந்து போகின்றார், திருக்கோயிலுக்கு நடக்கின்றார். நினைவிழந்தார்க்கு அஃது இயலாது. அவர் எழுந்து போகார். போயினும் எங்குப் போவதென அறியார். எவர் கையில் விடப்பட்டாரோ அவர் முகமே அவர்க்கு உலகம். எனவே காப்பகம் தேர்தல் என்பது, தன் சார்பைத் தானே தேரமாட்டாத ஓர் உயிர்க்கு நாம் சார்பு தேர்ந்து கொடுத்தலாம். 'அவர்க்கு ஒன்றும் தெரியாது. எங்கிருந்தால் என்ன' என்பதினும் பிழையான சொல் இல்லை. தெரிந்தவர்க்கு இடம் எதுவாயினும் ஓரளவு தாங்கிக்கொள்வார். தெரியாதவர்க்கு இடமே எல்லாம்.

அங்ஙனமாயின் மகன் வீடே தக்க சார்பு, பிறவெல்லாம் தகா என்பதோ எனின், அற்றன்று. திருநாவுக்கரசர் வரலாற்றை நினைக. சூலைநோயுற்றுத் தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்துச் சமண் பள்ளியிற் கிடந்த தம்பியாரிடம் திலகவதியார் செல்லவில்லை; அவரே திருவதிகைக்கு வந்தார். அவர் வந்து சேர்ந்தது பிறந்த வீடன்று, தமக்கையார் இருந்த திருமடம். நோய் தீருமுன் முதற்கண் மாறியது சார்பு. உறவும் இடமும் ஒன்றியவழி நன்று. ஒன்றாதவழி, இடத்தின் பெயர் வீடு என்பதனால் மட்டும் அது நற்சார்பு ஆகிவிடாது. மக்கள் பகலெல்லாம் அலுவலிலிருக்க, வெளியே பூட்டிய அறையில் வானொலி மட்டும் துணையாக ஒருவர் இருப்பாராயின் அதனை வீடென்பது எங்ஙனம்? இரவும் பகலும் விழித்து உடல் நலிந்த மருமகள் ஒருத்தி, தன்னையறியாது கை ஓங்கும் நிலைக்கு வருதலும் உலகில் உண்டு. 'ஊரார் என்ன சொல்வர்' என்று அஞ்சி முதியவரை இல்லத்திலேயே வைத்திருப்பார் பலர். அவ்வச்சத்தின் சுமை பெரும்பாலும் அவ்வூராரும் அல்லர், மகனும் அல்லன், வீட்டுப் பெண்டிர் தலைமேலேயே விழுகின்றது. பெற்றோரைப் பேணுதல் மக்கள் கடனென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பேணுதல் கடனென்றதேயன்றி, பேணும் கை தம் கையாகவே இருத்தல் வேண்டுமென்று அறநூலும் கூறாது.

காப்பகத்தை நாடுவார் எவற்றை நோக்குதல் வேண்டும்? கட்டடத்தையும் பளிங்குத் தரையையும் நோக்குவார் பலர், அவை போதரா. முன்னறிவிப்பின்றி மாலையிற் செல்க. இந்நோயுற்றார் பலர்க்குப் பொழுது சாயுங்கால் கலக்கம் மிகும். அவ்வேளையில் பணியாளர் எத்துணையர் உளர், கலங்கினாரை என் செய்கின்றனர் என்பது அங்குத் தெரியும். கட்டிலிற் கட்டுகின்றனரா? அடங்கியிருத்தற்கு மருந்து தருகின்றனரா? சித்தப்பிரமைக்குரிய மருந்துகள் சில, நினைவிழந்த முதியோர்க்கு இறப்பினை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆணையம் 2005-இலேயே எச்சரித்தது. ஆதலின் எம்மருந்து, எக்காரணம்பற்றி, எத்துணை நாள் என வினவாது கையெழுத்திடற்க. உலாவுதற்கு இடம் உண்டா? நடக்க விரும்பும் கால்களை நிறுத்துதல் எளிது. நடந்து திரும்பி வரும் வழியமைத்தல் அறிவுடையார் செயல். நீராட்டுவார் நாணம் காக்கின்றனரா? பெயர் சொல்லி, 'ஐயா', 'அம்மா' என்றழைக்கின்றனரா, அன்றி அறை எண்ணாற் குறிக்கின்றனரா? பணியாளர் திங்கள்தோறும் மாறுகின்றனரா? மாறின் நாள்தோறும் புதுமுகம், அச்சம் தீருமாறில்லை.

நெதர்லாந்து நாட்டில் வேஸ்ப் என்னும் ஊரில் ஹோகவேய்க் எனும் காப்பூர் 2009-இல் நினைவிழந்தார்க்கென அமைக்கப்பட்டது. அங்குக் கடை, தெரு, தோட்டம் எல்லாம் உண்டு. உறைவோர் அவற்றில் தம் விருப்பப்படி திரிவர். அவர் முன்னர் வாழ்ந்த வாழ்க்கை முறை எதுவோ அதற்கேற்பச் சிறு சிறு வீடுகளாகப் பகுத்து உறைவித்தனர். அந்நாட்டார் நம் நூல்களைக் கற்றாரல்லர். ஆயினும் சார்பின் ஆற்றலை நம்மினும் செயலில் உணர்ந்தனர் போலும். நம்மவர்க்கு அம்முறையில் வேண்டுவன யாவை? காலையில் நெற்றியில் திருநீறு, ஊன் கலவாத உணவு, பூசைமணியின் ஒலி, பழகிய பண்ணில் தேவாரம். பேச்சிழந்தார் சிலர் பாட்டின் அடுத்த சொல்லைத் தாமே எடுத்தலைக் காண்கின்றோம். நீற்றுக் கலத்தை அருகில் வைத்த அளவில் விரல்கள் தாமே நெற்றிக்குச் செல்கின்றன. நெடிது நிற்பன என மேலே குறித்த கைப்பழக்கமும் இசையும் ஈண்டு உதவுகின்றன. இவற்றைத் தாரா என மறுக்கும் காப்பகம், பிற வசதிகளெல்லாம் உடைத்தாயினும் சைவர்க்கு ஏலாது என்பது எம் கருத்து.

தீக்கை பெற்றார் அனுட்டானத்தை மறந்தால் குற்றமாமோ என்று அஞ்சுவாரும் உளர். ஐந்தெழுத்தையே மறந்த தந்தைக்கு என்ன கதி என்று ஒருவர் கேட்பின், அவர் கேட்பது நூல் விளக்கமன்று, ஆறுதல். ஆறுதலும் நூலிலேயே உள்ளது. பாலர், மூத்தோர், நோயாளர் முதலாயினோர்க்கு நிர்ப்பீச தீக்கையைச் சிவஞானசித்தியார் சுபக்கம் வகுத்தது. அவர்க்குச் சமயாசாரங்களை நிரம்பச் செய்தல் வேண்டப்படுவதன்று. ஆற்றல் உள்ளார்க்கே ஒழுகலாறு கடனாம். சபீசம் பெற்று நெடுநாள் ஒழுகினார் பின்னர் நினைவிழப்பின், முன்னர் அவ்வாற்றலுடையராயிருந்தமைபற்றிப் பின்னர் இல்லாததைக் கேட்டல் முறையன்று எனவே நாம் கொள்வாம். உயிர் இறைவனை நினைந்தமையால் இறைவன் உயிரோடு உடனாயினான் அல்லன்; அனாதியே உடனாய் நிற்றலால் உயிர்க்கு நினைத்தல் இயலுவதாயிற்று. நினைவு போயின் போனது நம் பக்கத்து. அவன் பக்கத்துப் போனது ஒன்றுமில்லை. மகன் தந்தையின் செவியில் ஐந்தெழுத்தை நாள்தோறும் ஓதுவானாயின் அஃது அமையும்.

இறுதியாக மடத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். இல்லறத்தார்க்கு மக்கள் உளர். துறவியர்க்கு மடமே வீடு. நெடுங்காலம் பாடஞ்சொன்ன முதிய தம்பிரான் ஒருவர் தம் மாணாக்கரையே அறியாராயின், அவர்க்கு வாயிலடைத்த அறையும் வேளைதோறும் உணவுமே சார்பாக அமைதல் தகுமோ? ஆதீனங்கள் கல்லூரிகளை நடத்துகின்றன, நூல்களை அச்சிடுகின்றன. மடத்து எல்லைக்குள்ளேயே, பயிற்சி பெற்ற பணியாளர் சிலரோடு, பத்துப் பன்னிருவர் உறையத்தக்க சிறிய இல்லம் ஒன்று அமைத்தல் அவற்றிற்கு அரிதன்று. துறவியரோடு, அயல்நாட்டில் மக்களையுடைய ஏழைச் சைவ முதியோர் சிலரையும் அதில் ஏற்கலாம். இடம் உண்டு, காலையும் மாலையும் ஓதுவார் குரலும் உண்டு. பொருட்செலவும் பொறுப்பும் எவ்வாறு பகுக்கத்தக்கன என்பதனை ஆதீன கர்த்தர்களும் முதியோர் மருத்துவமறிந்த சைவ அன்பர்களும் ஒருங்கிருந்து ஆராய்வாராக.