கடைசி இருபது திர்ஹாம்

மராக்கேஷின் பழைய நகரில், ஜெமா எல் ஃப்னா சதுக்கத்துக்கு வடக்கே சந்து சந்தாக விரிகிறது சந்தை. ஒரு செருப்புக் கடையில் நின்றோம். 'பாபூஷ்' என்பார்கள், குதிகால் பக்கம் திறந்த தோல் செருப்பு. "இந்தியாவா? ஷாருக் கான்!" என்று சிரித்த கடைக்காரர், மஞ்சள் ஜோடி ஒன்றை எடுத்துவைத்து 300 திர்ஹாம் என்றார். நான் 80 என்றேன். நெஞ்சில் கைவைத்து வருத்தப்பட்டார். புதினா டீ வந்தது. அரைமணி நேரம் பேசி 140க்கு வந்தோம். அந்த விலைக்கு வாங்கிவிடுவது என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன். ஆனாலும் "வேண்டாம்" என்று எழுந்து வாசல்வரை நடந்தேன். "சரி, 120" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்தக் கடைசி இருபது எதுக்கு?"

அப்போது நம்ம காசுக்கு 200 ரூபாய் தேறவில்லை. பதில் சொல்லத் தெரியவில்லை.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் க்வேக்கர்கள் பேரம் பேச மறுத்தார்கள். எந்த விலைக்குக் கொடுக்கத் தயாரோ அதைவிடக் கூடுதலாகக் கேட்பது பொய் என்பது அவர்கள் கட்சி. அப்படிப் பார்த்தால் அந்த 300 பொய்தான். ஆனால் நான் அதை நம்புவேன் என்று அவர் நினைக்கவில்லை, நானும் நம்பவில்லை. இருவருமே நம்பாத ஒன்றைப் பொய் என்பதா, பேச்சின் தொடக்கம் என்பதா?

1960களில் மொராக்கோவின் செஃப்ரூ ஊர்ச் சந்தையை ஆராய்ந்த மானுடவியலாளர் க்ளிஃபர்ட் கீர்ட்ஸ், 1978இல் எழுதிய கட்டுரையில் பேரத்தைத் தகவல் தேடும் வழியாகவே பார்க்கிறார். சரக்கின் தரமோ நடப்பு விலையோ அங்கே எளிதில் தெரியாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வாடிக்கையான கடைக்கே திரும்பத் திரும்பப் போவதும் அதனால்தான். பயணி ஒருமுறை வருகிறவன். அவனுக்கு முதல் விலை கூடத்தான் இருக்கும்.

"பாவம், கேட்டதைக் கொடுத்துட வேண்டியதுதானே?" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேசாமல் 300ஐ நீட்டினால் அவரை வியாபாரியாக அல்ல, தானம் வாங்குகிறவராக நடத்துகிறேன். டீ கொடுத்து உட்காரவைத்தவருக்கு அது மரியாதை இல்லை.

அப்படியானால் 140வரை நடந்ததில் தவறில்லை. இருவரும் தேடிக்கொண்டிருந்தோம், கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு நான் நடந்த நான்கு அடிதான் பிரச்சினை. 'எழுந்து போவதும் ஆட்டத்தில் சேர்த்திதானே' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். விலை கட்டாதவன் எழுந்து போவது சேர்த்திதான். எனக்குக் கட்டியிருந்தது. அவருடைய 300ஐ நான் நம்பவில்லை. என்னுடைய "வேண்டாம்" என்பதை அவர் நம்பிவிட்டார். நம்பியதால்தான் இறங்கினார். க்வேக்கர் கணக்கில் அந்தக் கடையில் பொய் சொன்னவன் நான்.

இன்னொன்றும் உண்டு. நான் அடுத்த கடைக்குப் போகலாம், அடுத்த ஊருக்கே போகலாம். சாயங்காலம் ஆள் வராத கடையில் உட்கார்ந்திருப்பவர் எங்கே போவார்? அந்த இருபது திர்ஹாமை என் சாமர்த்தியம் சம்பாதிக்கவில்லை, என் பாஸ்போர்ட் சம்பாதித்தது.

இப்போதும் பேரம் பேசுகிறேன். மனசுக்குள் 'சரி' என்று ஆகிவிட்டால், வாயாலும் சரி என்று சொல்லிவிடுகிறேன்.