மின்கலமும் அமானிதமும்

எறும்பு சேமிக்கிறது, தேனீயும் சேமிக்கிறது. சேமிப்பு என்பது மனிதன் புதிதாகக் கண்ட கலையன்று. ஆனால், பலருடைய பொருளை ஒன்றாகத் திரட்டி, இன்னும் பிறவாத தலைமுறைக்காகச் சேமிக்க முற்படுவதும், அப்பொருளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்படுவதும் மனிதனுக்கு மட்டுமே வாய்த்தவை. முன்னது அவனுடைய அறிவின் சிறப்பு. பின்னது அவன் தோளில் ஏற்றப்பட்ட அமானிதம்.

மேச்சேரிப் பகுதியில் வாழ்வோருக்கு இதற்கான எடுத்துக்காட்டு அருகிலேயே நிற்கிறது. 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணை பொதுப்பணத்தில் எழுந்த ஒரு பெரும் சேமிப்பு. மழை பெய்யும் மாதத்தின் நீரை, மழையற்ற மாதத்தின் பயிருக்கு எடுத்து வைக்கும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு அதற்கு உண்டு. அந்நீரால் தஞ்சைத் தரணி விளைந்தது. அணைக்காகத் தம் ஊர்களை இழந்தோர் இடம் பெயர்ந்தனர். நீர் வற்றும் ஆண்டுகளில் அவ்வூர்களின் ஆலயச் சின்னங்கள் இன்றும் வெளியே தலை நீட்டுகின்றன. அணைக்கு அண்மையில் உள்ள மேச்சேரியின் மேட்டு நிலங்களோ வானம் பார்த்த பூமியாகவே இருந்து, ஆடு மேய்த்துப் பிழைத்தன. அணையின் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் வறண்ட 100 ஏரிகளில் நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டம் 2020-இல்தான் தொடங்கப் பெற்றது. அணை எழுந்து 86 ஆண்டுகள் கடந்த பின்னர்!

அணையைக் கட்டியது தவறு என்று கூறுவார் எவருமில்லை. ஆயினும் பொதுச் சேமிப்பு எதுவாயினும் இரண்டு கேள்விகள் அதனுடன் பிறக்கின்றன: யாருடைய பொருளால்? யாருடைய பயனுக்காக? இவ்விரு கேள்விகளையும் கட்டுமானத்தின் தொடக்கத்திலேயே கேட்காவிடில், விடை வர மூன்று தலைமுறை காத்திருக்க நேரும். இக்கேள்விகளை இன்று நீரிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றிக் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

மின்சாரம் பிறந்த கணமே செலவாகிவிடும் பொருள். ஆனி, ஆடி மாதங்களில் நம் மாநிலத்துக் காற்றாலைகள் ஓயாது சுழல்கின்றன. உச்சிவேளையில் சூரியத் தகடுகள் நிறைய மின்சாரம் தருகின்றன. தேவையோ மாலை மயங்கி, வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் மிகுகிறது. மிகுந்த வேளையின் மின்சாரத்தைக் குறைந்த வேளைக்கு எடுத்து வைக்க ஒரு களஞ்சியம் வேண்டும். கடம்பாறையில் 1980களில் அமைந்த 400 மெகாவாட் நிலையம், மலிவான வேளையில் நீரை மேலே ஏற்றி, தேவையான வேளையில் கீழே பாய்ச்சி அப்பணியைச் செய்கிறது. அதே பணியை மலையும் ஆறும் இல்லாத இடத்தில் செய்ய வல்லது மின்கலம்.

களஞ்சியம் இல்லாமையின் துன்பத்தை நாம் அறியாதவர்கள் அல்லோம். 2008-ஐ அடுத்து வந்த மின்வெட்டு ஆண்டுகளில், வசதி படைத்த வீட்டிற்கு இன்வெர்ட்டரும் ஈய மின்கலமும் வந்தன, வசதியற்ற வீட்டில் மின்விசிறி நின்றது, விசைத்தறி ஓய்ந்தது. சேமிப்புத் திறன் தனியார் உடைமையாக மட்டும் இருந்தால், இருள் ஏழைக்கு மட்டுமே பங்காகும் என்பதை அவ்வாண்டுகள் நமக்குக் கற்பித்தன.

எனவே அரசு இத்துறையில் பொருளைச் செலவிட முன்வந்துள்ளது. உள்நாட்டில் 50 கிகாவாட் மணி அளவுக்கு மின்கலங்கள் ஆக்கும் திறனை உண்டாக்க 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை 2021 மே மாதத்தில் ஏற்றது. மின்கலச் சேமிப்பு நிலையங்களுக்கு 3,760 கோடி ரூபாய் ஆதரவளிக்கும் திட்டத்திற்கு 2023 செப்டம்பரில் இசைவளித்தது. இவற்றை ஒட்டி மூன்று குரல்கள் எழுகின்றன. இலாபம் உள்ள தொழிலைத் தனியார் தாமே செய்வர். மக்கள் வரிப்பணத்தை வைத்து அரசு ஏன் சூதாட வேண்டும் என்பது ஒன்று. குடிநீரும் பள்ளிக்கூடமும் மருத்துவமும் இன்னும் முழுமை பெறாத நாட்டில் மின்கலத்திற்கு என்ன அவசரம் என்பது இரண்டாவது. பிற நாடுகள் முந்திவிட்டன, கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுங்கள் என்பது மூன்றாவது.

முதற்குரலுக்கு வரலாறு விடை கூறட்டும். 1800-இல் வோல்டா முதல் மின்கலத்தை அமைத்தார். 1859-இல் பிளாந்தே ஈய மின்கலத்தைக் கண்டார். இன்று நம் கைபேசியில் உள்ள லித்தியம் அயனிக் கலத்துக்கோ மேலும் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு தேவையாயிற்று. 1970களில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம் அடிப்படையை இட்டார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்தார். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ அதைப் பாதுகாப்பான கலமாக்கினார். 1991-இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. குட்இனஃபின் கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை எடுக்க ஆக்ஸ்ஃபோர்டு முன்வரவில்லை. ஹார்வெல் என்னுமிடத்து பிரிட்டிஷ் அரசு ஆய்வுநிலையமே அதைப் பதிவு செய்தது. பெருஞ்செல்வம் விளைந்த அக்காப்புரிமையால் கண்டவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. தனியாரின் பங்கு இங்கே பெரிது. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் விதை ஊன்றிய காலத்தில் அறுவடையை எவரும் உறுதி கூற இயலாது. உறுதியில்லாத அந்த நெடுங்காலத்தைத் தாங்கும் பொறுமை பொதுக் கருவூலத்திற்கே மிகுதியும் உண்டு.

நம் ஃபிக்ஹு நூலோர் கடமைகளை இருவகையாகப் பிரித்தனர். ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டுவது ஃபர்ளு ஐன். சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் மீதிருந்து நீங்கிவிடுவதும், எவருமே நிறைவேற்றாவிடில் சமுதாயம் முழுவதையும் குற்றவாளியாக்குவதும் ஃபர்ளு கிஃபாயா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் மருத்துவம், கணிதம் மட்டுமன்றி, உழவையும் நெசவையும் கூட இவ்வகையில் சேர்த்தார்கள். எந்த அறிவு இல்லாவிடில் மக்கள் வாழ்வு இடருறுமோ, அந்த அறிவைத் தேடுவது பொதுக்கடமை என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். புகையின்றி மின்சாரம் பெற்று, அதை இரவுக்குச் சேமிக்கும் அறிவு இந்த அளவுகோலுக்கு உட்படும் என்றே தோன்றுகிறது. கடமை பொதுவானால் செலவும் பொதுவாதல் இயல்பு.

இரண்டாம் குரல் அலட்சியத்துக்குரியது அன்று. மூன்றனுள் அதிக நீதி பொதிந்தது அதுவே. உப்பும் தீப்பெட்டியும் வாங்கும் ஏழையின் வாழ்விலிருந்தும் ஏதோ ஒரு பொருளின் விலையில் வரி அரசுக்குச் சேர்கிறது. ஆடு விற்றுப் பிழைப்பவனின் காசும் கருவூலத்தில் உண்டு. இன்றைய பசியை மறந்து நாளைய வசதிக்குச் செலவிடுவது முறையாகாது. ஆனால் நாளைய வசதி எல்லாம் செல்வருடையது என்று எண்ணுவதும் பிழை. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில், மேச்சேரி ஆட்டினத்தைப் பேணி ஆராயும் நிலையம் ஒன்றைக் கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்தி வருகிறது. அது யாருக்கு? பட்டி வைத்திருக்கும் எளியவனுக்கு. ஆராய்ச்சி என்ற சொல் ஏழையின் எதிரியன்று. ஆராய்ச்சியின் பயன் எவ்வாசலுக்குப் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி. சேமிப்பு நிலையத் திட்டத்தில், ஆதரவு பெறும் நிலையங்களின் திறனில் 85 விழுக்காடாவது மின் வினியோக நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும் என விதித்திருப்பது இக்கேள்வியை ஓரளவு நினைவில் கொண்டதன் அடையாளம். மேட்டூரில் பிற்காலத்தில் கேட்கப்பட்டது, இங்கே முற்கூட்டியே கேட்கப்படுகிறது.

மூன்றாம் குரலே நம் எச்சரிக்கைக்குரியது. பொதுப்பணத்தைக் கணக்கின்றி அள்ளிக் கொடுக்க ஆட்சியாளருக்கு உரிமையில்லை; அது அவருடைய சொத்தன்று. எந்த ஒப்பந்தத்தின் கீழ்க் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவாக்கியே கொடுக்க வேண்டும். இங்கு நம் சட்ட நூல்களின் பழைய வகைப்பாடு புதிய வெளிச்சம் தருகிறது.

முதலாவது ஜுஆலா. ஷாஃபிஈ நூல்களில் விரிவாகப் பேசப்படும் இது, குறித்த செயலை முடித்தவருக்கு வெகுமதி என்று அறிவித்தல். முடிக்காதவருக்கு ஒன்றுமில்லை. 2021-ஆம் ஆண்டின் ஊக்கத்தொகைத் திட்டம் இச்சாயல் உடையது. மின்கலம் செய்து விற்ற பின்னரே தொகை வழங்கப்படும். தருமபுரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுந்த ஆலையும் இத்திட்டத்தின் கீழ் வருவதே. இம்முறையில் கருவூலத்துக்கு ஆபத்து குறைவு. ஆனால் முன்னமே முதல் உடையவரே போட்டியில் இறங்க முடியும். இன்னும் காணப்படாத ஒன்றைத் தேடுபவருக்கு இது உதவாது.

இரண்டாவது முளாரபா. ஒருவர் முதலிட, மற்றவர் உழைப்பார். இலாபம் பேசிய விகிதப்படி இருவருக்கும். நட்டம் வந்தால் முதலிட்டவருக்குப் பொருளும் உழைத்தவருக்கு உழைப்பும் போகும். அமெரிக்க அரசு 2009-இல் ஏ123 என்னும் மின்கல நிறுவனத்துக்கு 249 மில்லியன் டாலர் மானியம் ஒதுக்கியது. அதில் ஏறத்தாழப் பாதி செலவான நிலையில் 2012-இல் அந்நிறுவனம் நொடித்தது. சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது. நட்டத்தில் மக்கள் பங்காளிகள் ஆயினர். வென்றிருந்தால் இலாபத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்திருக்குமா? ஹனஃபீ நூல்கள் இங்கே ஒரு நுட்பம் கூறுகின்றன: இலாபம் முழுவதும் உழைப்பவருக்கே என்று பேசினால், அது முளாரபா ஆகாது, கடனாகிவிடும், முதலைத் திருப்பித் தந்தாக வேண்டும். இந்நுட்பத்தை இன்றைய கருவூலங்கள் ஏற்றால் எத்துணை நன்று! இலாபத்தில் பங்கு கொடு. இல்லையேல் முதலைத் திருப்பிக் கொடு. நட்டத்தை ஊருக்கும் இலாபத்தை வீட்டுக்கும் பிரிப்பது எந்த ஒப்பந்தத்திலும் சேராது.

மூன்றாவது வக்ஃபின் சாயல் கொண்ட கொடை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததால், 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப் பெற்றது. ஈந்தவர் இலாபப் பங்கு கேட்கவில்லை. கொடை நின்றது, அதன் பயன் பெருகியது. அங்கு உருவான லித்தியம் அயனிக் கல நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க 2018-இல் உடன்பாடு ஏற்பட்டது. எனினும் நாட்டிற்கு வேண்டிய கலங்களில் பெரும்பகுதி இன்றும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அறிவு ஆய்வகத்தில் பிறந்தால் போதாது. பட்டறைக்கு அது நடந்து செல்லப் பாதையும் வேண்டும். அப்பாதையை இடுவதும் பொதுக்கடமையின் பகுதியே.

அப்படியானால் தோல்வி? நூறு தேடல்களில் பல வெறுங்கையோடு திரும்பும். அமானிதப் பொருள் தம் கையில் அழிந்தாலும், வரம்பு மீறலும் கவனக்குறைவும் இல்லாதவரை, காப்பாளர் மீது ஈடு இல்லை என்பது ஃபிக்ஹின் தீர்ப்பு. ஆய்வாளரும் அத்தகைய காப்பாளரே. முயன்று தோற்றவரைத் திருடனென ஏசுவது அநீதி; அவ்வாறு ஏசினால், தோற்கக்கூடிய எதையும் எவரும் முயலார். ஆனால் எது முயலப்பட்டது, ஏன் தவறியது என்பதை அவர் ஊரறியச் சொல்லியாக வேண்டும். பணம் போனாலும் பாடம் மக்களிடம் தங்குமாயின், அது முழு நட்டமன்று. தோல்வியை மறைக்கும் இடத்திலேயே மோசடி தொடங்குகிறது.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், அரசுப்பணி முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் பைத்துல்மாலின் விளக்கை அணைத்துவிட்டுத் தம் விளக்கை ஏற்றினார்கள் என்று சொல்லப்படும் நிகழ்ச்சியை நம் பிள்ளைகளும் அறிவர். அதை எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிப் போகிறோம். அதனுள் வேறொரு பாடமும் உண்டு. அரசுப்பணிக்காகப் பொது எண்ணெய் எரிந்ததை அவர்கள் வீண் என்று கருதவில்லை, தாராளமாக எரியவிட்டார்கள். பணி மாறிய கணத்தைக் கண்டுகொள்ளும் விழிப்பே அவர்களிடம் இருந்தது. பொதுத்தேடல் எந்தக் கணத்தில் தனியார் இலாபமாக மாறுகிறது என்பதை அறிந்து, அக்கணத்தில் விளக்கை மாற்றும் கை இன்றைய கருவூலத்துக்குத் தேவை.

இன்னும் ஒன்று. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சுரங்கங்களில் சிறுவரும் உழைப்பதை ஆம்னெஸ்டி அமைப்பு 2016-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. நம் இரவின் வெளிச்சத்துக்கு அச்சிறுவனின் பகல் விலையாகலாமா? கோபால்ட் வேண்டாத இரும்பு பாஸ்பேட் கலத்தை, குட்இனஃபின் குழுவினர் 1990களில் டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் கண்டனர். உப்பில் கலந்துள்ள சோடியத்தைக் கொண்டு இயங்கும் கலங்களும் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. எடை மிகுதி எனினும், ஓரிடத்தில் நின்று சேமிக்கும் பணிக்கு அவை ஏற்றவை. எது மலிவு என்பதைச் சந்தை சொல்லிவிடும். எது பிறர் துன்பமின்றி வருவது என்று தேடச் சொல்வதற்கே மக்களின் பணம் உரிமை பெறுகிறது.

ஆதலால் கொடுக்கலாமா என்ற வாதத்திலேயே நாம் காலம் கழிக்க வேண்டியதில்லை. கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். எந்த ஒப்பந்தத்தின் கீழ், நட்டம் யாருக்கு, இலாபம் யாருக்கு, கண்டறிந்த அறிவு யாருக்கு என்னும் நான்கையும் எழுதிவைத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒரு மூட்டை நெல்லுக்கு எழுதுகிற சீட்டை, 18,100 கோடிக்கும் எழுதச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. அந்தச் சீட்டில் மேச்சேரி மேட்டு நிலத்து வீட்டின் பெயரும் பங்காளியாக இருக்கட்டும்.