கித்தாரில் ஒரு துண்டு எலும்பு

பழைய கித்தார் வாங்கிப் பழுது பார்க்கும் தம்பி தங்கைகள் இப்போது நம்மிடையே அதிகம். நல்ல விஷயம்தான். இருநூறு வெள்ளிக்கு ஒரு 'காப்போக்' வாங்கி, கெட்டுப்போனதை மாற்றி, வெள்ளிக்கிழமை பஜனைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். (சீனாவிலிருந்து வந்த மலிவான கித்தாரின் பெயர் அது. நம் நாட்டில் மரக் கித்தார் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.) சாமான் கிடைப்பதும் சிரமமில்லை. டியூனிங் கீ மாற்றுவதாக இருந்தால் பழைய திருகுத் துளைகளை அளந்துகொண்டு போங்கள், மரத்தில் புதுத் துளை போட வேண்டியிருக்காது. கம்பி, பிரிட்ஜ் பின் எல்லாம் எங்கும் கிடைக்கும்.

ஆனால் கம்பிகள் கழுத்தின் மேல்முனையில் உட்காரும் 'நட்', உடம்புப் பக்கம் உட்காரும் 'சேடல்' என்று இரண்டு சின்னத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை மாற்றப் போகும்போது ஒரு கேள்வி வரும். எனக்கு வந்தது. நான் வாங்கிய கித்தாரின் சேடலை முன்பு வைத்திருந்தவர் அளவுக்கு மேல் தேய்த்துவிட்டிருந்தார். கம்பி ஃபிரெட்டில் பட்டு இரைந்தது. நட்டும் உடைந்திருந்தது. கடைக்காரச் சீன அங்கிள் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வைத்து, "துலாங் லெம்பு, பாகுஸ்" என்றார். மாட்டெலும்பு, நல்ல சாமான்.

அவர் சொன்னது உண்மைதான். மலிவான பிளாஸ்டிக்கில் கம்பி நாளடைவில் பள்ளம் பறித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். எலும்பு கெட்டியானது, சீக்கிரம் தேயாது. வீட்டுக்கு வந்து என் பழைய சேடலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவில் துளைகள் தெரிந்தன. லேசாக அரம் போட்டதும் பல் மருத்துவரிடம் துளையிடும்போது வருமே, அந்த வாசனை வந்தது. அதுவும் எலும்புதான்.

பஜனைக் குழுவில் சொன்னேன். உடனே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

"சாமி முன்னால வாசிக்கிறதுல மாட்டெலும்பா? வேண்டவே வேண்டாம்" என்றார் ஓர் அக்கா.

"பக்கத்துல இருக்கிற மிருதங்கம் மட்டும் என்னத்துல செஞ்சதுக்கா?" என்று கேட்டான் ஒரு தம்பி.

அக்காவிடம் பதில் இல்லை. நம்மில் பலரிடமும் இல்லை. மிருதங்கத்துக்குப் பசுவின் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் போகின்றன. நாம் ஊதும் சங்கு ஒரு கடல் நத்தையின் ஓடு. திருவிழாவுக்குக் கட்டும் பட்டு வேட்டிக்காகப் புழுக்கள் கூட்டோடு கொதிநீரில் போகின்றன.

தம்பி ஜெயித்துவிட்டான் என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எல்லாத்திலும் இருக்கு, அதனால எதுவும் பரவாயில்லை' என்பது சோம்பேறி வாதம். வீட்டில் நான்கு மூலையில் குப்பை இருந்தால் ஐந்தாவது மூலையிலும் கொட்டலாம் என்பது போல. மாட்டெலும்பு என்றதும் அக்காவுக்கு வலித்ததே, அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் பெயர் சொன்ன பிறகுதான் அது வலிக்கிறது. சொல்லாத வரை மிருதங்கத்தின் நாதம் தெய்வீகம். வலியும் இப்படி ஆள் பார்த்து வருமா?

டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, நாதத்தைக் கொண்டுவருவது அவர்கள் கை. மேடையில் ஒலிக்கும் பெயரோ வாசிப்பவருடையது. சென்னையில் அந்த நூலின் வெளியீட்டுக்கு முதலில் அனுமதி கொடுத்த கலாக்ஷேத்ரா, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. தோலின் ஓசை நமக்கு வேண்டும், தோலைத் தொட்ட கை வேண்டாம். எலும்பு விஷயத்தில் 'வேண்டாம்' என்று சொல்பவர் யாராக இருந்தாலும், வார் பிடிக்க வருகிறவருக்கு எந்த டம்ளரில் தேத்தண்ணி கொடுக்கிறோம் என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

'எலும்பு போட்டால்தான் ஓசை' என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கிளாசிக்கல் கித்தாரின் கம்பி ஆட்டுக் குடலில் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குடல் நூல் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போனதால் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் கம்பி செய்தார். பெரிய மேதை செகோவியாவே அதற்கு மாறினார். ஆட்டின் மேல் இரக்கப்பட்டு நடந்த மாற்றம் இல்லை அது. இருந்தாலும் இன்று குடல் கம்பியைத் தேடிக் கடைக்குப் போகிறவர்கள் அபூர்வம்.

நான் செய்தது இதுதான். நட்டுக்குச் செயற்கைப் பொருளில் செய்த 'டஸ்க்' வாங்கினேன். விரல் வைக்காத கம்பிக்குத்தான் நட் ஓசை கொடுக்கும். விரல் வைத்து அழுத்திவிட்டால் ஃபிரெட்டே கம்பியின் முனை ஆகிவிடும், அப்புறம் நட்டுக்கு அங்கே பெரிய வேலையில்லை. சேடலுக்குப் புது எலும்பும் வாங்கவில்லை, பழையதைத் தூக்கிப் போடவும் இல்லை. அதன் அடியில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் மரச் சீவலை வைத்து உயர்த்தினேன். சேடல் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர் ஏறும். இரைச்சல் போய்விட்டது.

பழைய எலும்பு பரவாயில்லை, புதியது வேண்டாம் என்றால் என்ன நியாயம்? புதிதாக ஒன்றை வாங்கும்போது 'இன்னொன்று செய்' என்று நான் கேட்கிறேன். பழையதைக் கேட்டவர் வேறு யாரோ. அதைக் குப்பையில் போட்டால் அந்த மாட்டுக்கு ஒரு லாபமும் இல்லை.

தம்பி இதையும் விடவில்லை. "உங்க கிட்ட பழசை வித்தவரு அந்தக் காசுல எலும்பு போட்ட புதுக் கித்தாரு வாங்கியிருந்தா?" வாங்கியிருக்கலாம். கணக்கு சுத்தமாக முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். "சேடலுக்காக எவனும் மாடு வெட்டறதில்லை, கறிக்கு வெட்டின மாட்டோட எலும்புதானே" என்றான். அதுவும் சரி. ஆனாலும் வீணாய்ப் போவதை எடுத்துப் பயன்படுத்துவது வேறு, அதற்குக் காசு கொடுத்துச் சந்தை உண்டாக்குவது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. அக்கா இன்னும் சமாதானமாகவில்லை. நான் வாசிக்கும்போது கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறார். அது அவர் உரிமை.

இந்தக் கித்தார் என்னோடு முடியப் போவதில்லை. அடுத்து வாங்குபவர் அறியாமல் வாங்கக் கூடாது என்பதற்காக, உள்ளே பார்த்தால் தெரியும்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'சேடல் மாட்டெலும்பு, பழையது. நட் செயற்கை, புதியது.' மிருதங்கத்திலும் இப்படி ஒன்று ஒட்டலாமா என்று தம்பி கேட்டான். ஒட்டலாம், ஆனால் செய்தவர் பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்றேன். பத்து வருடமாகக் கோயிலில் இருக்கும் மிருதங்கம், செய்தவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.